ஒரே வண்டி, 57 வருஷம்: பர்ட் மன்ரோவின் கதை

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 89 கி.மீ. வேகத்துல ஓடுற பைக் ஒண்ணு இருக்கு. அதையே 295 கி.மீ. வேகத்துல ஓட வைக்கணும். இன்ஜின் பவரை எத்தனை மடங்கு கூட்டணும்? வேகம் 3.3 மடங்குதானே, பவரும் அவ்வளவு கூடினா போதும்னு சொன்னீங்கன்னா ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் மேடம் உங்களை வெளியே நிக்க வெச்சிடுவாங்க. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியா ஏறும். அந்த விசையை எதிர்த்து ஓடத் தேவையான பவர் மும்மடியா ஏறும். 3.3ஐ மூணு தடவை பெருக்கிப் பாருங்க. கிட்டத்தட்ட 36 வரும்.

36 மடங்கு பவர். இல்லைன்னா வண்டியோட வடிவத்தை மாத்திக் காற்றை ஏமாத்தணும். இந்த ரெண்டு வேலையையும் கொஞ்சம் கொஞ்சமா, 40 வருஷத்துக்கு மேல, ஒரு ஷெட்டுக்குள்ள உட்கார்ந்து செஞ்ச மனுஷர்தான் பர்ட் மன்ரோ. நியூசிலாந்துக்காரர். இன்ஜினியரிங் டிகிரி கிடையாது. கம்பெனி ஸ்பான்சரும் பெரிய ரேஸ் டீமும் அவருக்குப் பின்னாடி இல்லை. ஹாலிவுட் நடிகர் ஆண்டனி ஹாப்கின்ஸ் நடிச்ச 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இண்டியன்' படத்தை நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேர் பார்த்திருப்பீங்க. பேரைப் பார்த்து நம்ம ஊர் ஆள் கதைன்னு நினைச்சு ப்ளே பண்ணவங்களும் உண்டு! அந்த இண்டியன் ஒரு அமெரிக்க மோட்டார் சைக்கிள் கம்பெனியோட பேர். நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

படம் நல்ல படம்தான். ஆனா பல வருஷத்துல நடந்ததை அது ஒரே பயணமாச் சுருக்கிக் காட்டுது. ஒரு தாத்தா கப்பல் ஏறி அமெரிக்கா போனார், ஓட்டினார், ஜெயிச்சார்னு முடிஞ்சுடும். உண்மையில மன்ரோ அந்த உப்பு மைதானத்துக்குப் பத்துத் தடவை போயிருக்கார். ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல அவர் என்ன பண்ணார்ங்கிறதுதான் நமக்கு, அதாவது மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு, முக்கியமான கதை.

பிறந்தது 1899 மார்ச் 25, இன்வர்கார்கில் ஊர்ல. உலக வரைபடத்துல நியூசிலாந்தைப் பாருங்க. தெற்குத் தீவோட கடைசி முனைக்குப் பக்கத்துல இருக்கு. அதுக்குக் கீழே ஒரு சின்னத் தீவு, அப்புறம் கடல், அப்புறம் அண்டார்டிகா. இரட்டைக் குழந்தைகள்ல கூடப் பிறந்த தங்கச்சி பிறக்கும்போதே இறந்துட்டா. இந்தப் பையனும் ரெண்டு வருஷம் தாண்ட மாட்டான்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. அப்பா விவசாயி. எடென்டேல்ங்கிற இடத்துல பண்ணை. பண்ணை வேலையைத் தவிர மத்ததெல்லாம் வெட்டி வேலைங்கிறது அப்பாவோட எண்ணம். பையனோ வீட்டுலயே வேகமா ஓடுற குதிரை எதுன்னு பார்த்து அதுல ஏறிப் போறவன்.

முதல் மோட்டார் சைக்கிள் ஒரு கிளைனோ. பக்கத்துல ஒட்டியிருந்த சைட்காரைக் கழட்டிட்டு ரேஸ்ல ஓட்டினார். 1920ல, 21 வயசுல, ஒரு புது இண்டியன் ஸ்கவுட் வாங்கினார். ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த 627ஆவது ஸ்கவுட் அது. இந்த வண்டியைத்தான் அவர் 1977 வரைக்கும் விடவே இல்லை.

வண்டி எப்படிப்பட்டதுன்னு கொஞ்சம் சொல்லணும், இல்லைன்னா அப்புறம் அவர் செஞ்சதோட அளவு புரியாது. சார்லஸ் ஃபிராங்க்ளின்ங்கிற அயர்லாந்து இன்ஜினியர் வரைஞ்ச டிசைன். 42 டிகிரி வி-ட்வின், சுமார் 600 சிசி. சைடு வால்வு இன்ஜின். அதாவது வால்வுகள் சிலிண்டர் தலையில இல்லாம பக்கவாட்டுல, கீழேயிருந்து மேலே பார்த்தபடி நிக்கும். கையால மாத்துற மூணு கியர், கால்ல மிதிக்கிற கிளட்ச். நம்ம ஊர் பழைய புல்லட்டுக்குப் பழகினவங்களுக்கே தலை சுத்தும். முன் சக்கரத்துல பிரேக் கிடையாது. அந்தக் காலத்துல அதுதான் வழக்கம். புதுசுல அதோட உச்ச வேகம்தான் மணிக்கு 89 கி.மீ. அன்னைக்கு அது மோசமான வேகமும் இல்லை. ரோடும் அப்படி, டயரும் அப்படி.

1926ல அந்த வண்டியைப் பிரிக்க ஆரம்பிச்சார்.

ரேஸ் நடந்தது பெரும்பாலும் ஒரேட்டி கடற்கரையில. ஊருக்குப் பக்கத்துலயே நீளமா, தட்டையா, ஈர மணல் இறுகிக் கிடக்கிற கரை. அலை வத்தின நேரத்துல அதைவிட நல்ல ட்ராக் அந்தப் பக்கத்துல கிடையாது. நடுவுல ஆஸ்திரேலியா போனார், மெல்போர்ன்ல ஓட்டினார், விழுந்தார், எழுந்தார். 1929க்கு அப்புறம் வந்த பெரிய பொருளாதார மந்தத்துல எல்லார் மாதிரியும் ஊருக்குத் திரும்பிப் பண்ணையில நின்னார். பிறகு மோட்டார் சைக்கிள் விக்கிற கடையில சேல்ஸ்மேன், மெக்கானிக். 1938ல முதல் நியூசிலாந்து சாதனை. அதுக்கப்புறம் இன்னும் ஏழு.

பகல் முழுக்கக் கடையில வேலை. ராத்திரி முழுக்க வண்டி வேலை. தூங்காம அப்படியே காலையில கடைக்குப் போன நாட்கள் நிறைய. செமஸ்டருக்கு முந்தின ராத்திரி ஒரு நாள் தூங்கலைன்னா நாம ஸ்டேட்டஸ் போடுறோம். இவர் இதை வருஷக் கணக்காப் பண்ணியிருக்கார். இதை நான் பெருமையாச் சொல்றேன்னு நினைக்க வேண்டாம். வீட்டுல மனைவி பெரில் இருந்தாங்க, நாலு பிள்ளைங்க இருந்தாங்க. ராத்திரி முழுக்க ஷெட்ல இருக்கிற ஒருத்தரோட குடும்பம் நடத்துறது எப்படி இருந்திருக்கும்னு எந்தப் படமும் காட்டலை. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கொஞ்ச வருஷத்துல அந்தக் கல்யாணம் விவாகரத்துல முடிஞ்சுது. 1940களின் கடைசியில வேலையையும் விட்டுட்டார். வண்டிகள் நின்ன அதே ஷெட்டுக்குள்ளயே குடியேறிட்டார். ஒரு பக்கம் கட்டில், இன்னொரு பக்கம் லேத். நடுவுல 1920 இண்டியனும் 1936 வெலோசெட்டும்.

ஆமா, ரெண்டு வண்டி. வெலோசெட்டைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்லை. பாவம் அது. அதையும் இதே மாதிரி பிரிச்சு, வெட்டி, மாத்தி ஓட்டினார். இடம் போதாதுங்கிறதால இண்டியன் கதையை மட்டும் சொல்றேன்.

இப்போ ஷெட்டுக்குள்ள வாங்க.

தெற்குக் கோளத்துல டிசம்பர், ஜனவரிதான் கோடை. கடற்கரை ரேஸ் எல்லாம் கோடையில. அது முடிஞ்சா குளிர், நீள ராத்திரி, தென் கடல்லேர்ந்து அடிக்கிற காத்து. மத்தவங்க வண்டியை மூடி வெச்சுட்டு அடுத்த சீசன் வரட்டும்னு இருப்பாங்க. மன்ரோவுக்கு உண்மையான சீசனே அப்போதான் ஆரம்பம். போன சீசன்ல எது உடைஞ்சுதோ அதை வெளியே எடு, ஏன் உடைஞ்சுதுன்னு பாரு, அதைவிடப் பலமா ஒண்ணு செய், மாட்டு, ஓட்டு, அடுத்தது எது உடையுதுன்னு பாரு. இந்தச் சுற்றுதான் அவரோட முழு வாழ்க்கையும்.

பாகங்களை விலைக்கு வாங்கலாமேன்னு கேட்கலாம். காசு இல்லை. இருந்தாலும் 1920 ஸ்கவுட்டுக்கு ஓவர்ஹெட் வால்வு தலை எந்தக் கடையில கிடைக்கும்? அப்படி ஒரு பொருளே கிடையாது. அதனால எல்லாமே கைவேலை.

பிஸ்டனை எடுத்துக்குவோம். பழைய அலுமினியத் துண்டுகளை உருக்கி, தகர டப்பாக்களை அச்சா வெச்சு ஊத்தினார். நம்ம ஃபவுண்டரி லேப்ல கிரீன் சாண்ட் பிசைஞ்சு, பேட்டர்ன் வெச்சு, ஒரு சின்ன ஃபிளாஞ்ச் வார்த்து எடுக்கிறதுக்குள்ள அதுல எத்தனை ஓட்டை, எத்தனை சுருக்கம்! ஊத்துற உலோகத்துல கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஹைட்ரஜன் குமிழி உள்ளே மாட்டிக்கும். ஃபிளாஞ்சுல ஓட்டை இருந்தா மார்க் போகும். பிஸ்டன்ல ஓட்டை இருந்தா மேலே இருக்கிற எரிவாயு அழுத்தம் அதைப் பிளந்துடும். அது நடக்கிறது முழு வேகத்துல, உங்க ரெண்டு முழங்காலுக்கு நடுவுல. இன்னொண்ணும் இருக்கு. அலுமினியம் சூட்டுல இரும்பைவிட அதிகமா விரியும். இரும்பு சிலிண்டருக்குள்ள அலுமினிய பிஸ்டன் போட்டா இடைவெளி எவ்வளவு விடணும்ங்கிறது உயிர் பிரச்சினை. கம்மியா விட்டா பிஸ்டன் சிலிண்டர்ல கவ்விக்கும், பின் சக்கரம் பூட்டிக்கும். அதிகமா விட்டா அழுத்தம் கசியும். அந்த அலாய்க்கு எவ்வளவு விரிவுன்னு அவர்கிட்ட டேட்டா ஷீட் இருந்திருக்க வாய்ப்பே இல்லை, ஏன்னா அந்த அலாயை உருவாக்கினதே அவர்தான், அந்த டப்பாவுக்குள்ள!

சிலிண்டர் பேரல்? தெருவுக்கு அடியில ஓடின பழைய வார்ப்பிரும்பு கேஸ் குழாய்லேர்ந்து. கேட்டா சிரிப்பு வரும், ஆனா யோசிச்சா ரொம்ப நல்ல தேர்வு. வார்ப்பிரும்புல கிராஃபைட் செதில்கள் இருக்கும். அது தானே கொஞ்சம் வழுவழுப்பைக் கொடுக்கும், எண்ணெயையும் பிடிச்சு வெச்சுக்கும். மண்ணுக்குள்ள பல வருஷம் கிடந்த வார்ப்பு உள்ளழுத்தங்கள் எல்லாம் அடங்கி நிலையா இருக்கும். அந்தக் காலத்து மெஷின் டூல் கம்பெனிகளே வார்த்த இரும்பை உடனே கடையாம வெயில்லயும் மழையிலயும் போட்டு வெச்சிருக்காங்க. மன்ரோ இதையெல்லாம் பாடமாப் படிச்சிருப்பாரான்னு கேட்டா, தேவையே இல்லை. கையில இருந்தது குழாய். அது வேலை செஞ்சுது.

கனெக்டிங் ராடு டிராக்டர் ஆக்சில் ஸ்டீலிலிருந்து. முழுக் கட்டியையும் வெட்டி, அரத்தால ராவி, வடிவம் கொண்டு வந்து, பிறகு ஹீட் ட்ரீட்மென்ட். ஒரு ஜோடி ராடு செய்ய எத்தனை ராத்திரின்னு நினைச்சுப் பாருங்க. நமக்கு ஃபிட்டிங் லேப்ல ஒரு வி-ஜாயின்ட் ராவி முடிக்கவே மூணு பீரியட், அதுலயும் கடைசியில லைட்டு வெளிச்சம் இடைவெளியில தெரியும். ஃபிளைவீல், கேம் எல்லாமே இதே கதைதான். கிளட்ச் அவரே செஞ்சது. சங்கிலி மூணு வரிசை, ஏன்னா ஒரு சங்கிலி அந்தப் பவரைத் தாங்காது. சைடு வால்வு இன்ஜினை ஓவர்ஹெட் வால்வா மாத்தினதுதான் எல்லாத்துலயும் பெரிய வேலைன்னு நான் நினைக்கிறேன். சைடு வால்வுல காத்தும் பெட்ரோலும் பக்கவாட்டு அறைக்குள்ள போய், திரும்பி, பிறகுதான் சிலிண்டருக்குள்ள இறங்கும். அந்த வளைவுலயே மூச்சு முட்டும். கம்ப்ரஷனையும் ஓரளவுக்கு மேல ஏத்த முடியாது. வால்வு மேலே வந்துட்டா இன்ஜின் நேரா மூச்சு விடும்.

அளவெடுக்க அவர் பயன்படுத்தின மைக்ரோமீட்டர் ஒரு பழைய சக்கரக் கம்பி. ஸ்போக். இதை எல்லாக் கட்டுரையிலயும் ஒரு ஜோக் மாதிரி எழுதுவாங்க. எனக்கு இது ஜோக்காத் தெரியலை. மெட்ராலஜி பாடத்துல கோ, நோ-கோ கேஜ்னு படிக்கிறோம்ல? துளை எத்தனை மில்லிமீட்டர்னு அதுக்குத் தெரியாது. சரியா, சரியில்லையான்னு மட்டும் சொல்லும். ஒரே வண்டிக்கு ஒரே ஆள் பாகம் செய்யும்போது எண் எதுக்கு? போன தடவை இருந்ததைவிட ஒரு மயிரிழை பெருசா, சின்னதாங்கிறது போதும். அதை விரல் சொல்லிடும். வேற ஆளுக்கு டிராயிங் அனுப்பணும்னாதான் எண் வேணும். மன்ரோ யாருக்கும் டிராயிங் அனுப்பலை.

இப்படிச் செஞ்சும் உடைஞ்சுது. உடைஞ்சுகிட்டே இருந்துது. பிஸ்டன் உருகுச்சு, ராடு முறிஞ்சு கேஸைக் கிழிச்சுது, வால்வு தலை அறுந்துது. உடைஞ்ச ஒவ்வொண்ணையும் அவர் ஷெட்ல ஒரு அலமாரியில வரிசையா அடுக்கி வெச்சார். வேகக் கடவுளுக்குக் காணிக்கைன்னு அந்த அலமாரிக்குப் பேர் எழுதி வெச்சிருந்தார். மனுஷருக்குக் குசும்பு ஜாஸ்தி. ஆனா அந்த அலமாரியைக் கொஞ்சம் வேற கண்ணால பாருங்க. நம்ம காலேஜ்ல பாஹா வண்டி கட்டுற பசங்க ஒவ்வொரு வருஷமும் உடைஞ்ச ஆர்ம், வளைஞ்ச ஷாஃப்ட் எல்லாத்தையும் ஸ்கிராப்புக்குப் போட்டுடுறாங்க. அடுத்த வருஷம் வர்ற ஜூனியர் அதே இடத்துல அதே மாதிரி வெல்ட் வெக்கிறான், அதே இடத்துல உடையுது. மன்ரோகிட்ட 30 வருஷத்து முறிவுகள் கண்ணு முன்னாடி இருந்துது. முறிஞ்ச முகத்தைப் பார்த்தா விரிசல் எங்கே ஆரம்பிச்சுதுன்னு தெரியும். கடற்கரையில அலை வத்தின கோடுகள் மாதிரி ஃபட்டீக் கோடுகள் இருக்கும். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அதைப் பார்த்துகிட்டு இருந்த மனுஷருக்கு அடுத்த ராடை எங்கே தடிமனா வெக்கணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவரை ஜுகாட் மன்னன்னு நெட்ல எழுதுறாங்க. எனக்கு அந்த வார்த்தை இங்கே பொருந்தலை. ஜுகாட்னா இன்னைக்குச் சமாளிக்கிறது. இவர் ஒரே பிரச்சினையை 40 வருஷம் விடாமத் துரத்தினவர்.

சரி, உப்பு மைதானத்துக்கு வருவோம். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல பான்வில். ஒரு காலத்துல பெரிய ஏரி. வத்திப்போய் உப்பு மட்டும் தட்டையா, வெள்ளையா, கண்ணுக்கெட்டின தூரம் வரை கிடக்கு. ஆகஸ்ட்ல அங்கே வேகச் சாதனை வாரம் நடக்கும். 1950கள்ல ஒரு தடவை சும்மா பார்த்துட்டு வரத்தான் போனார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? அப்புறம் ஒன்பது தடவை ஓட்டப் போனார்.

அங்கே பிரச்சினைகள் வேற. கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 1,280 மீட்டர் உயரம். காத்து மெலிசு. ஒரேட்டி கடற்கரையில சரியா இருந்த கார்புரேட்டர் ஜெட் அங்கே அதிகப் பெட்ரோலை ஊத்தும். எதிர்ப்பு கொஞ்சம் குறையும், ஆனா இன்ஜினுக்கும் மூச்சு குறையும். உப்பு தார் ரோடு மாதிரி டயரைப் பிடிக்காது, சக்கரம் வழுக்கும். அப்புறம் மூடி. ஆரம்பத்துல சொன்ன 36 மடங்கு ஞாபகம் இருக்கா? 600 சிசியை எவ்வளவு குடைஞ்சாலும் அந்த அளவுக்குப் பவர் வராது. அதனால வண்டியையும் ஆளையும் சேர்த்து மூடுற மீன் மாதிரி ஒரு ஃபைபர்கிளாஸ் கூடு செஞ்சார். உள்ளே குப்புறப் படுத்த மாதிரி வளைஞ்சு உட்காரணும். எதிர்ப்பு குறைஞ்சுது. ஆனா கூடு போட்டா வேற ஒரு பேய் வரும். வேகம் ஏற ஏற வண்டி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். பக்கவாட்டு அழுத்தத்தோட மையம் வண்டியோட எடை மையத்துக்கு முன்னாடி இருந்தா, காத்து அதைத் திருப்பிவிடப் பார்க்கும். அம்புக்கு இறகைப் பின்னாடி ஒட்டுறதுக்குக் காரணமே இதுதான். மன்ரோ கடைசி வரைக்கும் இந்த நெளிவோட சண்டை போட்டுகிட்டேதான் ஓட்டினார்.

1962. இன்ஜின் 850 சிசிக்கு வளர்ந்திருந்தது. 883 சிசிக்கு உட்பட்ட பிரிவுல மணிக்கு 288 கி.மீ., உலகச் சாதனை. அவருக்கு 63 வயசு. வண்டிக்கு 42.

1966ல 1000 சிசி பிரிவுல மணிக்கு 270 கி.மீ., இன்னொரு சாதனை.

1967ல இன்ஜின் 950 சிசி. ஃபேக்டரி கொடுத்ததைவிடக் கிட்டத்தட்ட 60 சதவீதம் பெருசு. அந்த கிரான்க்கேஸுக்குள்ள இதை எப்படி அடக்கினார்ங்கிறதே தனிக் கட்டுரைக்கான விஷயம். தகுதிச் சுற்றுல ஒரு வழி ஓட்டம் மணிக்கு 305.89 கி.மீ. (அவங்க கணக்குல 190.07 மைல்). இண்டியன் வண்டியில அதிகாரபூர்வமாப் பதிவான அதிகபட்ச வேகமாச் சொல்லப்படறது அதுதான். 200 மைலைத் தாண்டின ஓட்டம் ஒண்ணும் உண்டு, ஆனா அது கணக்குல சேராது. இங்கே ஒரு விதி இருக்கு. சாதனைக்கு ஒரு பக்கம் மட்டும் ஓட்டினாப் போதாது. அதே பாதையில எதிர்த்திசையிலயும் ஓட்டணும், ரெண்டோட சராசரிதான் கணக்கு. பின்காத்து தள்ளிவிட்ட புண்ணியத்துல யாரும் பேர் வாங்கிடக் கூடாதுல்ல? ரெண்டாவது ஓட்டத்துக்கும் இன்ஜின் உயிரோட இருக்கணும். தகர டப்பாவுல வார்த்த பிஸ்டனுக்கு அதுதான் உண்மையான பரீட்சை.

ரெண்டு ஓட்டமும் முடிஞ்சுது. சராசரி மணிக்கு 183.586 மைல்னு எழுதினாங்க. நம்ம கணக்குல 295 கி.மீ. சொச்சம். வயசு 68. வண்டி வயசு 47.

இதயம் அதுக்கு ரொம்ப முன்னாடியே தொந்தரவு கொடுக்க ஆரம்பிச்சிருந்தது. ஆஞ்சைனா. நெஞ்சு வலியோட அந்தக் கூட்டுக்குள்ள வளைஞ்சு படுத்து, முன் பிரேக் இல்லாத வண்டியில 300 கி.மீ. ஓட்டினார்ங்கிறதை வீரம்னு சொல்றதா, பைத்தியம்னு சொல்றதா? இதுல நம்ம எடிட்டர் குழுவுக்குள்ளயே ரெண்டு கட்சி. என் கட்சி என்னன்னா, அவருக்கு அபாயம் தெரியாம இல்லை. எத்தனையோ தடவை விழுந்து எலும்பு முறிஞ்சவர். ஷெட்ல ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் எடுத்துகிட்ட நேரத்தைப் பாருங்க. சாகத் துணிஞ்சவன் ஒரு ராடுக்கு மாசக் கணக்கா அரம் போட மாட்டான்.

70களின் ஆரம்பத்துல ரோஜர் டொனால்ட்சன்ங்கிற இளைஞர் இவரைத் தேடி வந்து ஒரு ஆவணப்படம் எடுத்தார். அந்த அலமாரியோட பேரையே படத்துக்கு வெச்சார். 30 வருஷத்துக்கு மேல கழிச்சு, 2005ல, ஹாப்கின்ஸை வெச்சு முழு நீளப் படம் எடுத்தவரும் அதே டொனால்ட்சன்தான். இடைப்பட்ட காலம் முழுக்க இந்தத் தாத்தா அவர் மண்டைக்குள்ள ஓடிகிட்டே இருந்திருக்கார் போல.

1977ல பக்கவாதம் வந்துது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினப்போ கைகால் முன்ன மாதிரி ஒருங்கிணைஞ்சு வரலை. லேத்துல நிக்கவும் அரம் பிடிக்கவும் கை சொன்ன பேச்சைக் கேட்கணும். அதுவே போனதுக்கு அப்புறம் வண்டியை வெச்சு என்ன பண்றது? ரெண்டு வண்டியையும் விக்க முடிவு பண்ணார். ஆனா வெளியூர்க்காரங்களுக்குக் கொடுக்கலை. வண்டி அந்தத் தென்கோடியிலேயே இருக்கணும்னு உள்ளூர் வியாபாரி நார்மன் ஹேய்ஸ்கிட்டக் கொடுத்தார். 1978 ஜனவரி 6ஆம் தேதி, 78 வயசுல காலமானார். ரெண்டு வயசு தாண்டாதுன்னு சொன்ன குழந்தை.

வண்டியை வெச்சிருந்த இடம் மியூசியம் இல்லை. இன்வர்கார்கில்ல ஹேய்ஸ் குடும்பத்தோட ஹார்டுவேர் கடையிலதான் காட்சிக்கு வெச்சாங்க. போல்ட், நட்டு, ஸ்பேனர், பெயின்ட் டப்பா வாங்க வர்றவங்க பார்த்துட்டுப் போவாங்க. அந்த வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோணலை. 2006லேர்ந்து அவர் பேர்லயே அந்த ஊர்ல மோட்டார் சைக்கிள் ரேஸ் திருவிழாவும் நடக்குது. ஒரேட்டி கடற்கரை ரேஸும் அதுல உண்டு.

கடைசியா ஒரு விஷயம். 1967 சாதனையோட தாள்களைப் பல வருஷம் கழிச்சு அவர் மகன் ஜான் எடுத்துப் பார்த்தார். ஒரு திசையில மணிக்கு 184.710 மைல். எதிர்த்திசையில 183.463. கூட்டி ரெண்டால வகுத்தா 184.087 வருது, ஆனா தாள்ல 183.586ன்னு இருக்கு. சராசரி போட்டவங்க கணக்குல தப்பு. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்கு எழுதினார். அவங்க சரிபார்த்து 2014ல சாதனையைத் திருத்தி எழுதினாங்க. தாத்தா இறந்து 36 வருஷம் கழிச்சு அவர் வேகம் மணிக்கு அரை மைல் கூடிச்சு. ஷெட்ல அந்த அரை மைலைக் கூட்ட எத்தனை குளிர்காலம் ஆகியிருக்கும்னு தெரியலை!